உப்புக்காற்றும் மூவர்ணக் கொடியும்: உள்துறை அமைச்சகத்துக்கு ஒரு தையல்காரனின் திறந்த மடல்

மத்திய உள்துறை அமைச்சகத்தில் தேசியக் கொடி விதிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், கொடிக்குத் தர அளவு வகுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கும்,

வணக்கம். நான் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். என் அப்பா பாய் தைத்தவர். படுக்கிற பாய் இல்லை, வள்ளத்துக்குப் பாய். படகுக்கு இன்ஜின் வந்ததும் பாய்க்கு ஆள் தேவைப்படவில்லை. மிஷின் என் கைக்கு வந்தபோது கொடி தைக்கிற வேலைதான் மிச்சம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் "கொடியேத்தம் எப்ப?" என்று கேட்டால், எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். ராமேஸ்வரம் கோவிலில் ஆடித் திருக்கல்யாணத்துக்குக் கொடியேற்றம். ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூட்டுக்குக் கொடியேற்றம். கடற்கரை நெடுக ஒவ்வொரு மாதா கோவிலிலும் அந்தோணியார் கோவிலிலும் திருவிழாவுக்குக் கொடியேற்றம். இத்தனைக்கும் நடுவில் கட்சிக் கொடி, சங்கக் கொடி. எல்லாத் துணியும் என் மிஷினுக்கு அடியில் போயிருக்கிறது. அதனால் கொடி எப்படிக் கிழியும், எங்கே முதலில் கிழியும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சுதந்திர தினம் முடிந்து ஏழெட்டு வாரம் இருக்கும். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் மஞ்சப்பையோடு கடைக்கு வந்தார். உள்ளே வீட்டு மாடியில் கட்டியிருந்த தேசியக் கொடி. காவி, பால் அதிகமான டீ நிறத்துக்கு வந்திருந்தது. பறக்கிற முனையில் கால்வாசி இல்லை, மிச்சம் நூல் நூலாகத் தொங்கியது.

"தம்பி, இத என்ன செய்ய? குப்பையில போட மனசு வரல. அடுப்புல வைக்கலாமான்னா அதுவும் பயமா இருக்கு."

"வச்சுட்டுப் போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் போனபிறகு மேஜையில் விரித்து, ஊசி முனையால் சக்கரத்தின் ஆரங்களை எண்ணினேன். 22. மறுபடியும் எண்ணினேன். 22தான். சக்கரமும் வட்டமாக இல்லை, அமுக்கி வைத்த பூரி மாதிரி இருந்தது.

அந்த அக்கா நான்கு பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்கப்புறம் பாம்பனிலிருந்தும் அக்காள்மடத்திலிருந்தும்கூடக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். இந்த மடலை எழுத உட்கார்ந்த அன்று என் கடைப் பரணில் 43 கொடிகள் ஒரு மூட்டையாக இருந்தன. அதில் ஒன்றில்கூடத் தர முத்திரை என்று எதுவும் இல்லை.

சரி, நீங்கள் எழுதி வைத்திருப்பதில் எனக்குப் பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை கொடியை ஏற்றுக்கொண்டபோதே நீள அகலம் மூன்றுக்கு இரண்டு என்றும், சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய வெள்ளைப் பட்டையின் அகலம் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். 1951-ல் தர அளவு வந்தது. 1964-ல் அதை மெட்ரிக் அளவுக்கு மாற்றினார்கள், 1968-ல் மறுபடி திருத்தினார்கள். ஒன்பது அளவுகள். எல்லாவற்றிலும் பெரிய 6300-க்கு 4200 மில்லிமீட்டரில் ஆரம்பித்து, மேஜை மேல் வைக்கிற 150-க்கு 100 வரை. வீட்டுக்குப் பொருத்தமான 900-க்கு 600 கொடியை எடுத்துக்கொண்டால், ஒரு பட்டை 200 மில்லிமீட்டர், சக்கரம் 185. மேலே ஏழரை, கீழே ஏழரை மில்லிமீட்டர் வெள்ளை. 24 ஆரம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 15 பாகை. சக்கரம் இரண்டு பக்கமும் முழுசாகத் தெரிய வேண்டும். கதர் நூலின் நெருக்கம், சாயத்தின் நிறம், கட்டுகிற கயிறு வரைக்கும் கணக்கு வைத்திருக்கிறீர்கள். படித்தபோது, துணியைக் கையில் தொட்டுப் பார்த்த ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. கட்சிக் கொடி தைக்க வருகிறவர்கள் "தலைவர் மூஞ்சி பெருசா தெரியணும்" என்பதோடு அளவை முடித்துவிடுவார்கள்.

அந்த விதி கதருக்காக எழுதியது. 2021 டிசம்பர் 30 அன்று கொடி விதித் தொகுப்பைத் திருத்தி, மிஷினில் நெய்த துணியும் பாலியெஸ்டரும் ஆகலாம் என்றீர்கள். 2022 ஜூலையில் இன்னொரு திருத்தம். பொதுமக்கள் வீட்டில் ஏற்றும் கொடி இரவும் பகலும் பறக்கலாம். அந்த ஆகஸ்டில் வீடுதோறும் கொடி என்று சொல்லி, தபால் ஆபீசில் 25 ரூபாய்க்குக் கொடுத்தீர்கள். எங்கள் தெருவில் கொடி கட்டாத வீடு குறைவு. ஓலை வீட்டிலும் மூங்கில் குச்சி நட்டுக் கட்டினார்கள். குறை சொல்லவில்லை. சாதாரண மனிதன் தன் வீட்டில் கொடி ஏற்றுவது அவனுடைய பேச்சுரிமையில் சேரும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் நவீன் ஜிண்டால் வழக்கில் சொன்னது எனக்கும் சந்தோஷம்தான். கொடி பெரிய கட்டடங்களுக்கும் பெரிய மனிதர்களின் காருக்கும் மட்டும் என்று இருந்த காலம் போனது நல்லது.

ஆனால் இரவும் பகலும் என்றதில் ஒன்று விட்டுப் போய்விட்டது. முன்பெல்லாம் சூரியன் விழுமுன் கொடியை இறக்க வேண்டும். இறக்குகிறவன் கையில் துணி தினமும் படும். ஓரத்தில் ஒரு நூல் பிரிந்தால் அன்றைக்கே கண்ணில் படும், மறுநாள் ஒரு தையல் போட்டால் போதும். இப்போது கட்டியதோடு சரி. யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. தெருவில் போகிறவர் யாராவது "என்னப்பா, உங்க வீட்டுக் கொடி கந்தலாத் தொங்குது" என்று சொன்னால்தான் வீட்டுக்காரருக்கே தெரிகிறது. கிழிந்த, அழுக்கான கொடியைப் பறக்கவிடக் கூடாது என்று உங்கள் விதியே சொல்கிறது. எங்கள் கடற்கரையில் கார்த்திகை மாதம் ஒரு நடை நடந்து பாருங்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெல்லியில் காற்று என்றால் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அதற்குப் பெயர் நிறைய. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். தீவின் இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் பாக் நீரிணை, அதை வடகடல் என்போம். இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, அது தென்கடல். ஒன்று அடங்கினால் மற்றது கிளம்பும். நீங்கள் கொடி ஏற்றச் சொல்கிற ஆகஸ்ட் மாதம் தென்கடல் காற்று மணலை வாரி அடிக்கிற நேரம். போதாததற்கு உப்பு. ஒரு ராத்திரி வெளியில் காயப்போட்ட சட்டையைக் காலையில் தொட்டால் பிசுபிசுக்கும். கொடித்துணியில் ஏறும் உப்பு பகலில் காய்ந்து மொடமொடவென்று ஆகும், ராத்திரி மறுபடி ஈரம் குடிக்கும். அதற்கு நடுவில் காற்று விடாமல் உதறும்.

"காத்து நடுவுல கிழிக்காது, ஓரத்துலதான் கடிக்கும்" என்பார் அப்பா. பாயின் ஓரத்தை மூன்று மடிப்பு மடித்து, உள்ளே கயிறு வைத்துத் தைப்பார். கடையில் விற்கும் கொடியின் பறக்கிற முனையைப் பாருங்கள். பாதிக்கு மேல் சூட்டில் அறுத்துவிட்டது, மடிப்பே கிடையாது. மடித்ததிலும் ஒற்றைத் தையல். அது எங்கள் காற்றுக்கு ஒரு வாரம் தாங்காது.

சரி, நாமே பார்த்துவிடலாம் என்று போன வருஷம் கடை மாடியில் மூன்று குச்சி நட்டு மூன்று கொடி கட்டினேன். ஒன்று கதர், ஒன்று மிஷின் பருத்தி, ஒன்று பாலியெஸ்டர். மூன்றுக்கும் ஓரத்தை நானே அப்பா சொன்ன மாதிரி மூன்று மடிப்பு மடித்து இரட்டைத் தையல் போட்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் இல்லையா? பாலியெஸ்டர்தான் அதிக நாள் நின்றது. கதர் உப்பு ஈரத்தைக் குடித்துக் கனத்து, ஆறாவது வாரம் பச்சைப் பட்டையின் மூலையில் விட்டுவிட்டது. பருத்தி அதற்குப் பத்து நாள் பின்னால். பாலியெஸ்டர் தை மாதம் வரை நின்றது. நிறம் மட்டும் முதலிலேயே ஓடிவிட்டது. பச்சை எது, வெள்ளை எது என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஆக, பாலியெஸ்டர் மட்டம், கதர் உசத்தி என்று நான் எழுதவில்லை. ஓரம் நன்றாக மடித்திருந்தால் எந்தத் துணியும் இரண்டு மடங்கு நாள் நிற்கும். அவ்வளவுதான் நான் கண்டது.

பாலியெஸ்டரில் சிக்கல் கிழிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

கிழிந்த கொடியைத் தூக்கி எறியக் கூடாது, தனிமையில், முழுசாக, மரியாதையோடு அழிக்க வேண்டும், எரிப்பது நல்லது என்பது விதி. அதன்படி, அந்த அக்கா கொண்டுவந்ததையும் என் பழைய கதர்க் கொடியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பின்னால் எடுத்துப் போனேன். இரண்டு செங்கல் வைத்து, ஒரு தகரத்தைப் போட்டு, முதலில் கதரை மடித்து வைத்துக் கொளுத்தினேன். விளக்குத் திரி எரிகிற மாதிரி அமைதியாக எரிந்து சாம்பலானது. ஒரு கைப்பிடி சாம்பல். வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் போட்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

அடுத்தது பாலியெஸ்டர். தீ பட்டதும் எரியவில்லை, சுருங்கியது. கருவாட்டைத் தணலில் போட்டால் நெளியுமே, அப்படி நெளிந்தது. அப்புறம் உருகிச் சொட்டுச் சொட்டாகத் தகரத்தில் விழுந்தது. கறுப்புப் புகை, மூக்கைப் பிடிக்கிற நாற்றம். பக்கத்து வீட்டிலிருந்து "என்னத்தக் கொளுத்துறீங்க?" என்று குரல் வந்தது. தேசியக் கொடி என்று எப்படிச் சொல்வது? தீ அணைந்தபோது, தகரத்தோடு ஒட்டிக்கொண்டு தேங்காய்ச் சில்லு அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டி. அதன் ஓரத்தில் சக்கரத்தின் நீலம் பாதி அப்படியே இருந்தது. ஏழெட்டு ஆரம் எண்ண முடிந்தது. அந்தக் கட்டியை என்ன செய்வது என்று உங்கள் விதியில் இல்லை. இன்றும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அதை வைத்திருக்கிறேன். மீதி 43-ஐக் கொளுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

நீங்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு கவனம் என்பது எங்கள் ஊருக்குத் தெரியும். 2015 ஜூலை 30 அன்று பேக்கரும்பில் அப்துல் கலாம் ஐயாவை அடக்கம் செய்த நாளில் அந்தக் கூட்டத்தில் நானும் வெயிலில் நின்றேன். கொடியைக் குழிக்குள் இறக்கக் கூடாது, சிதையிலும் வைக்கக் கூடாது என்பது விதி. உடலைப் போர்த்தியிருந்த கொடியை முதலில் எடுத்து மடித்து வாங்கிக்கொள்வார்கள். துணி மடிக்கிறவன் என்பதால் அதைப் பற்றி அன்றிரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த மரியாதையை 25 ரூபாய்க் கொடிக்கும் செய்ய ஒரு வழி சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கொளுத்தாமல் விட்டால் அது எங்கே போகும்? கடலுக்குத்தான். நைந்த நூலைக் காற்று பிய்த்துக்கொண்டு போகும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தது அரசுதான். பிளாஸ்டிக் கொடி கூடாது என்று 2022 ஜூலை 1 முதல் தடை போட்டதும் அரசுதான். காது குடையும் குச்சி, பலூன் குச்சியோடு ஒரே பட்டியலில் பிளாஸ்டிக் கொடியும் இருந்தது. சரியாக ஆறு வாரம் கழித்து வீடுதோறும் ஏறியதில் பெரும்பாலானது பாலியெஸ்டர். பாலியெஸ்டர் என்பது என்ன, பிளாஸ்டிக்கை நூலாக இழுத்தது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறாக இருக்கலாம். வலையில் மாட்டி வரும்போது எங்களுக்கு ஒன்றுதான்.

வலை என்றதும் ஒரு பையனின் ஞாபகம். எனக்குத் தூரத்து உறவு, நாட்டுப்படகில் போகிறவன். கடலில் வலை விட்டால் அது எங்கே கிடக்கிறது என்று தெரிய, மிதவையில் ஒரு கம்பு நட்டு, அதன் நுனியில் ஏதாவது துணியைக் கட்டுவார்கள். சேலைக் கிழிசல், கட்சிக் கொடி, எது கிடைக்கிறதோ அது. தேர்தல் முடிந்த வருஷம் கடலில் எல்லாக் கட்சியும் ஒற்றுமையாக மிதக்கும். இந்தப் பையன் கம்பில் மூவர்ணத்தைக் கட்டியிருந்தான்.

"ஏன்டா, இத எதுக்குக் கட்டுன?"

"கலர் தூரத்துலயே தெரியுது மாமா. வீட்டுல சும்மா கெடந்துச்சு."

1971-ஆம் வருஷத்துச் சட்டத்தில், கொடியை வேண்டுமென்றே தண்ணீரில் இழுபடவிட்டால் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று இருப்பதைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் ஈரத்தோடு என் கடையில் கொண்டுவந்து வைத்தான். மூட்டையில் 31-வது அது. அவனிடம் அவமதிக்கிற எண்ணம் துளியும் இல்லை. சும்மா கிடக்கிற கொடியை எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

படகில் கொடி கட்டுவதே எங்களுக்கு ஒரு குழப்பம். கொடியைப் படகின் மேல் போர்த்தினால் குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கம்பத்தில் பறக்கவிட்டால்? வணிகக் கப்பலுக்குச் சிவப்புத் துணியின் மூலையில் மூவர்ணம் வைத்த தனிக் கொடி இருக்கிறது. கடற்படைக்கு வேறு, அதையும் 2022 செப்டம்பரில் புதிதாக மாற்றினீர்கள். முப்பது அடி வள்ளத்துக்கு எது? ஒரு வருஷம் சுதந்திர தினத்தன்று ஒரு காவலர் வந்து, எல்லாப் படகிலும் கொடி கட்டச் சொன்னார். அடுத்த வருஷம் வேறொருவர் அதே படகுகளில் கட்டியதை அவிழ்க்கச் சொன்னார். இரண்டு பேரும் விதியைத்தான் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்குக் கொடி அலங்காரம் மட்டும் இல்லை. எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் தொழில் செய்கிறவன், தூரத்தில் வருகிறவர்களுக்குத் தான் யார் என்று காட்ட நினைக்கிறான். அது பெரிய கதை, இந்த மடலில் அடங்காது. கட்டலாமா, எந்த அளவில், எந்த இடத்தில் என்று தமிழில் அரைப் பக்கம் எழுதி மீன்துறை அலுவலகப் பலகையில் ஒட்டச் சொன்னால் போதும்.

மற்றபடி நான் கேட்பது பெரிய செலவு இல்லை. விற்கிற கொடி எந்தத் துணியானாலும் பறக்கிற முனையில் இத்தனை மடிப்பு, இத்தனை தையல் என்று அளவு போடுங்கள். சக்கரத்துக்கு மில்லிமீட்டர் கணக்கு வைத்த உங்களுக்கு இது பெரிய வேலை இல்லை. ஒன்றுக்கு இரண்டு ரூபாய் கூடும், நான் தைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். 24 ஆரம் இல்லாததும் சக்கரம் நசுங்கியதும் அச்சாகிற இடத்திலேயே நிற்க வேண்டும். வாங்குகிறவர் ஊசியை வைத்துக்கொண்டு எண்ணுவாரா? இரவும் பகலும் பறக்கலாம் என்கிற வரிக்குப் பக்கத்தில், மாதம் ஒருமுறை இறக்கிப் பாருங்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கொடி விற்ற தபால் ஆபீசிலேயே பழைய கொடியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி வைத்தால் போதும். அங்கிருந்து அதை எங்கே கொண்டுபோய் எப்படி அழிப்பது என்பதை உங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் வேப்பமரத்தடியில் பருத்திச் சாம்பலுக்கு இடம் இருக்கிறது, உருகின பிளாஸ்டிக்குக்கு இல்லை.

எலி கடிக்காமல் இருக்க, மூட்டையை மூன்று வேப்பிலைக் கொத்து வைத்துக் கட்டிப் பரணில் ஏற்றியிருக்கிறேன். நேற்றும் ஒருவர் வந்து, "இங்க பழைய கொடி வாங்கிக்குவீங்களாமே?" என்று கேட்டார். சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த பையில் இரண்டு இருந்தன. வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போது 45. பெட்டி வைக்கிறோம் என்று நீங்கள் சொல்கிற அன்றைக்கு மூட்டையை நானே தலையில் சுமந்து வந்து கொடுத்துவிடுகிறேன். அந்த பிஸ்கட் டப்பாவையும் சேர்த்து.

இப்படிக்கு,
கொடி தைக்கிறவன்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்